காசை எங்கே போட்டால் காதுக்குத் தெரியும்?

நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். பாட்டுக் கேட்கும் செட்டுக்காக நான் இத்தனை காலம் வாங்கியதிலும் மாற்றியதிலும் மறக்க முடியாதது எது? மதுரையில் 12-க்கு 10 அடி அறையில், 60,000 ரூபாய்க்குள் நல்ல ஸ்டீரியோ அமைக்க எதில் தொடங்குவது? தாத்தா விட்டுப்போன பழைய இசைத்தட்டுகளை எதில் போட்டுக் கேட்பது? முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னாலே இரண்டாவதுக்குப் பாதி பதில் அதில் வந்துவிடும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் கணக்கில் முதலில் நிற்பது ரெக்கார்டு பிளேயரின் ஊசி. அடுத்தது ஒரு ஜோடி ஸ்பீக்கர். மூன்றாவது, போடியிலிருந்து வந்த இலவம்பஞ்சு மெத்தை. ஆம்ப்ளிஃபயர், டாக் (டிஜிட்டல் பாட்டை ஒலிக்கான மின்சாரமாக மாற்றும் கருவி), ஒயர் எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான் வரும். கடையில் பெரும்பாலும் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டுத்தான் விற்பார்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பாட்டு உங்கள் காதுக்கு வந்து சேருவதற்குள் சில இடங்களில் உருமாறுகிறது. தட்டின் பள்ளத்தில் இருக்கும் நெளிவை ஊசி அசைவாக வாங்கிக்கொள்கிறது, கார்ட்ரிட்ஜ் அதை மின்சாரமாக்குகிறது. ஸ்பீக்கர் அந்த மின்சாரத்தைக் காற்றின் அசைவாக்குகிறது. அந்தக் காற்று சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் மோதித் திரும்புகிறது. கெடுதல் பெரும்பாலும் புகுவது இந்த இடங்களில்தான். நடுவில் மின்சாரம் மின்சாரமாகவே போகிற பாதை, அதாவது ஆம்ப்ளிஃபயரும் அதைச் சார்ந்தவையும், பொறியாளர்கள் எப்போதோ கிட்டத்தட்டத் தீர்த்துவிட்ட பிரச்சினை. இன்றைக்கு ஒரு சாதாரண ஆம்ப்ளிஃபயரிலேயே ஒலிச்சிதைவு 0.1 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். நல்ல ஸ்பீக்கரில்கூடச் சத்தத்தை ஏற்றும்போது கீழ்ஸ்தாயியில் அது சில சதவீதம் வரை போகும். அப்படியிருக்க, காசு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தெளிவுதானே.

சரி, ஊசி. எங்கள் வீட்டில் இருந்தது மூடிபோட்டுத் தூக்கிக்கொண்டு போகிற பெட்டி வடிவப் பழைய ரெக்கார்டு பிளேயர். அந்தக் காலத்து வீட்டு பிளேயர்கள் பலவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும். தனியாக பிரீஆம்ப் (மெல்லிய மின்சாரத்தை முதலில் பெருக்கிக் கொடுக்கும் கருவி) இல்லாமலே வேலை செய்யும், விலையும் மலிவு. ஆனால் ஊசி நான்கைந்து கிராம் எடையோடு தட்டின் மேல் உட்காரும். டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் கடை வைத்திருந்த மெக்கானிக் அண்ணனிடம் ஆம்ப்ளிஃபயர் பற்றி விசாரிக்கப் போயிருந்தேன். அவர் என் தட்டு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆம்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. ஊசி தட்டை உழுதுக்கிட்டு இருக்கு. மொதல்ல அதை மாத்துங்க.”

அவர் சொன்ன வழியில்தான் போனேன். கைமாறி வந்த ஒரு டர்ன்டேபிள், அதில் ஆடியோ டெக்னிகாவின் வி.எம்.95 இ என்ற காந்தக் கார்ட்ரிட்ஜ். இந்த வகை 2 கிராம் எடையில் ஓடும். வெளிவரும் மின்னழுத்தம் சுமார் 4 மில்லிவோல்ட்தான். அதனால் ஃபோனோ பிரீஆம்ப் கட்டாயம் வேண்டும். அந்த பிரீஆம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. எல்.பி., அதாவது பக்கத்துக்குப் பல பாட்டு வரும் வினைல் தட்டு, வெட்டும்போது கீழ்ஸ்தாயியைக் குறைத்து மேல்ஸ்தாயியைக் கூட்டித்தான் பதிவு செய்வார்கள். 1950-களின் நடுவிலிருந்து ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒரே அளவுகோல் இதற்கு நிலைத்துவிட்டது. பிரீஆம்ப் அதைத் திருப்பிச் சமன் செய்யும். அது இல்லாமல் காந்தக் கார்ட்ரிட்ஜை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினால், தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ மெல்லப் பாடுவது மாதிரிதான் கேட்கும்.

ஊசி மாறியதும் முதலில் தெரிந்தது டி.எம். சௌந்தரராஜன் குரலில் வரும் ‘ச’வும் ‘ஸ’வும்தான். 1922-இல் இதே மதுரையில் பிறந்த அந்த மனிதரின் உச்சரிப்பு எவ்வளவு சுத்தம் என்பது தமிழ் கேட்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். பழைய ஊசியில் அந்த எழுத்துகள் சீறிக்கொண்டு பிசிறடித்தன. குறிப்பாகப் பக்கத்தின் கடைசிப் பாட்டில். அது ஏன் கடைசிப் பாட்டில் மட்டும் என்று கேட்டால், எல்.பி. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுழற்சிக்குச் சற்று மேலாக ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் அரை மீட்டர் பள்ளம் ஓடுகிறது, உள்ளே லேபிளுக்குப் பக்கத்தில் 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதே அளவு இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். மொண்ணையான ஊசியால் அந்த நெருக்கத்தைப் படிக்க முடியாது. வி.எம்.95 இ-யில் இருப்பது போன்ற நீள்வட்ட முனை நன்றாகவே படிக்கும், மைக்ரோலைன் போன்ற மெல்லிய முனைகள் அதைவிட நன்றாகப் படிக்கும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு, தேய்ந்துபோனது என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த தட்டுகள் பலவும் மறுபடி சுற்ற வந்துவிட்டன. அந்தச் சந்தோஷத்துக்கு விலை சில ஆயிரம் ரூபாய்தான்.

ஊசி வாங்குகிறவர்கள் கூடவே ஒரு குட்டி டிஜிட்டல் தராசும் வாங்கிவிடுங்கள். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் வைத்திருக்கிறார்களே, அந்தத் துல்லியம் போதும், 0.01 கிராம். டர்ன்டேபிளின் எடைச் சக்கரத்தில் அச்சடித்திருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். எடை கூடினால்தான் தட்டு தேயும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எடை குறைந்தாலும் ஊசி பள்ளத்துக்குள் துள்ளி அதே சேதத்தைச் செய்யும். அப்புறம், நீள்வட்ட முனைக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் சுமார் 300 மணி நேரம். தினமும் ஒரு தட்டு கேட்கிறவருக்கு அது ஒரு வருஷத்துக்குச் சற்று மேலே வரும்.

இனி ஸ்பீக்கர். என்னிடம் முதலில் இருந்தது எட்டு அங்குல ஊஃபர் (கீழ்ஸ்தாயி கொடுக்கும் பெரிய கோன்) வைத்த மரப்பெட்டி ஜோடி. கோனைச் சுற்றியிருந்த ஃபோம் விளிம்பு தொட்டால் பொடியாக உதிர்ந்தது. நம் ஊர் வெயிலும் ஈரமும் ஃபோமை விட்டுவைக்காது, பத்துப் பதினைந்து வருஷத்தில் முடித்துவிடும். அதனால் பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது கிரில்லைக் கழற்றி விளிம்பு ஃபோமா ரப்பரா என்று பார்ப்பது முதல் வேலை. ஃபோம் போனால் ஸ்பீக்கரே போய்விட்டது என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மதுரையில் மைக் செட் தொழில் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். திருவிழா, காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று வருஷம் முழுக்க ஓடுகிறது. அந்தத் தொழிலை நம்பியே கோன் ஒட்டுகிற, காயில் மாற்றுகிற கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. அப்படி ஒருவர்தான் என் பழைய ஊஃபர்களுக்கு ரப்பர் விளிம்பு ஒட்டிக் கொடுத்தார். காயில் இடைவெளியில் உரசாமல் நடுவில் நிற்கிறதா என்று கோனை விரல்களால் மெல்ல அழுத்தி, காதை வைத்துக் கேட்டுக் கேட்டு ஒட்டினார். அந்தப் பெட்டிகள் இப்போதும் என் அண்ணன் வீட்டில் பாடிக்கொண்டிருக்கின்றன.

அதற்குப் பிறகு வாங்கிய புத்தக அலமாரி அளவு ஸ்பீக்கர்கள்தான் இரண்டாவது மறக்க முடியாத வாங்கல். பிராண்டுச் சண்டைக்குள் நான் போகவில்லை. வார்ஃபிடேல், கியூ அகூஸ்டிக்ஸ், எலாக் போன்றவர்களின் ஆரம்ப விலை ஸ்பீக்கர்களில் ஏமாற்றம் வருவது அரிது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் சொல்ல வேண்டும். உட்கார்ந்து நிதானமாகக் கேட்டு வாங்குகிற அறை வைத்திருக்கும் கடைகள் மதுரையில் குறைவு. அதனால் பலரும் வைகை எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். போகும்போது கடைக்காரர் போடும் பாட்டை நம்பிப் போகாதீர்கள். கண்ணாடி டம்ளர் உடைகிற மாதிரியான டெமோ பதிவுகள் எந்த ஸ்பீக்கரிலும் பிரமாதமாகத்தான் இருக்கும். நீங்கள் நூறு தடவை கேட்ட, ஒவ்வொரு மூச்சும் மனப்பாடமான பாட்டை எடுத்துப் போங்கள்.

என் சோதனைப் பதிவு நாதஸ்வரம். மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு ஒன்றை வைத்திருக்கிறேன். இரட்டை நாதஸ்வரத்தைப் பிரித்துக் காட்டுவது ஸ்பீக்கருக்குச் சாதாரண வேலை கிடையாது. ஊஃபரும், மேல்ஸ்தாயி கொடுக்கும் சின்ன ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் எல்லை பெரும்பாலும் 2,000-க்கும் 3,000 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் இருக்கும். நாதஸ்வரத்தின் கூர்மை முழுக்க அந்தப் பகுதியில்தான் குடியிருக்கிறது. கைமாற்றம் சரியில்லாத ஸ்பீக்கரில் இரண்டு நாயனமும் ஒன்றாகக் குழைந்து தலைவலி தரும். அதோடு தவில். வலந்தலையில், அதாவது தவிலின் வலப்பக்கத் தோலில், கூடு போட்ட விரல்கள் விழும் வேகத்தை அப்படியே கொடுக்க முடியாத ஸ்பீக்கர் அதை அட்டைப் பெட்டிச் சத்தமாக்கிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க நிஜ ஒலி எங்கே கிடைக்கும் என்று மதுரைக்காரர் தேட வேண்டியதில்லை. பூஜை நேரத்தில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நின்றாலே போதும். லட்சுமி சுந்தரம் ஹாலில் கச்சேரி நடக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்து, மைக் வழியாக வருவதையும் நேரடியாக வருவதையும் பிரித்துக் கேட்டுப் பழகலாம். அந்த நிஜத்தைக் காதில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவரை யாரும் ஏமாற்ற முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

வாட் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகக் காசு வீணாவது இங்கே. முன்பு ‘1,000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டு விற்றார்களே, அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்பதை மட்டும் பாருங்கள். அதைவிட முக்கியம் ஸ்பீக்கரின் உணர்திறன். 87 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று பொருள். உங்கள் அறையில் எட்டடி தள்ளி உட்கார்ந்தாலும் ஒரு வாட்டிலேயே 80 டெசிபல் சுமாருக்குக் கிடைத்துவிடும். அது ஏற்கெனவே நல்ல சத்தம். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இருக்கும் வித்தியாசத்துக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம், 87-ஐ விட்டு 90 டெசிபல் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தாலே மிச்சம்.

இப்போது அறை. என் அனுபவத்தில் மிகப் பெரிய பாடம் இதில்தான் கிடைத்தது. முன்பு நாங்கள் இருந்தது மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீட்டில். மர உத்தரங்கள் தாங்கும் மெட்ராஸ் டெரஸ் கூரை, சுவரெங்கும் மாடங்கள், ஒரு பக்கம் புத்தக அலமாரி, மூலையில் பெட்டி படுக்கை. ஒலியைச் சிதறடிக்கவும் உறிஞ்சவும் அந்த அறையில் தானாகவே எல்லாம் இருந்தன. அங்கிருந்து திருநகர் பக்கம் புது வீட்டுக்கு மாறினோம். கான்கிரீட் கூரை, நான்கு பக்கமும் வழுவழுப்பான சுவர், கண்ணாடி மாதிரி டைல்ஸ் தரை. அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப்ளிஃபயர், அதே தட்டு. பாட்டு அடையாளம் தெரியாமல் போயிற்று. பாடகர் குரல் குளியலறையிலிருந்து வருவது போல் ஒலித்தது. பேஸ் கிட்டாரில் சில ஸ்வரம் வீட்டையே அதிரவைத்தது, அடுத்த ஸ்வரம் காணாமல் போனது.

இந்த இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு வேறு. பேஸ் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் ஒலி போய்வந்து தன்னையே பலப்படுத்திக்கொள்ளும் அதிர்வெண் ஒன்று ஒவ்வொரு அறைக்கும் உண்டு. ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைத்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. உங்கள் 12 அடிக்கு அது 48 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு 57. கூரையும் 10 அடி உயரம் என்றால் மறுபடி அதே 57. ஒரே எண் இரண்டு திசையிலும் வருவதால் அது இரட்டிப்பாக வீங்கும். பேஸ் கிட்டாரின் ‘ஏ’ கம்பி திறந்த நிலையில் 55 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் 1980-களின் பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணை போவதோடு நிற்காது, அதற்கென்று தனி மெட்டே இருக்கும். அந்த மெட்டில் சில ஸ்வரத்தை மட்டும் அறை ஊதிப் பெருக்கினால் அவர் எழுதியது உங்களுக்குக் கிடைக்காது.

இதற்கு மருந்து வாங்க வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். நீளவாக்கில் அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் 48 ஹெர்ட்ஸ் மறைந்துவிடும், பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அதுவே பயங்கரமாக வீங்கும். 12 அடி நீளத்தில் பின்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி நாற்காலியைப் போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரை மூலையில் திணிக்காமல் பின்சுவரிலிருந்து ஓரிரண்டு அடி முன்னால் இழுத்து வையுங்கள். பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டாம். ட்வீட்டர் காது உயரத்துக்கு வரட்டும். ஸ்டாண்டுக்குக் கிரானைட் கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகள் அருமையான அடிப்பலகை. மேலூர் பக்கம் போனால் சல்லிசாகவே கிடைக்கும்.

குரல் எதிரொலிப்பதற்குத்தான் மெத்தை. அறை நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். ‘டர்ர்ர்’ என்று வால் நீண்டால் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். போடி இலவம்பஞ்சில் ஆறு அங்குலக் கனத்துக்கு அடைத்த இரண்டு ஒற்றை மெத்தைகளை வாங்கி, ஸ்பீக்கருக்கு எதிர்ப்புறச் சுவரில் இரண்டு மூலைகளிலும் நிறுத்தி, மேலே பருத்தித் துணி உறை போட்டேன். தரையில் கனமான பவானி ஜமக்காளம், ஜன்னலுக்கு இரட்டைத் துணித் திரை. அன்றைக்குக் கேட்ட வித்தியாசத்தை எந்த ஆம்ப்ளிஃபயர் மாற்றமும் எனக்குத் தந்ததில்லை. பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஓர் இடம் பிடித்து நின்றார். வயலின்கள் இடது பக்கம் தனியாகத் தெரிந்தன. ஆறு அங்குலம் பஞ்சு 57 ஹெர்ட்ஸைத் தொடாது, அதற்கு அடிக்கணக்கில் கனம் வேண்டும். அதனால்தான் பேஸுக்கு இடமாற்றம், குரலுக்கு மெத்தை என்று பிரித்துச் சொன்னேன். மெல்லிய ஸ்பாஞ்சு முட்டைத் தட்டு ஷீட்டுகளைச் சுவரெங்கும் ஒட்டுகிறார்களே, அது மேல்ஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டு அறையை மந்தமாக்கும். அதில் காசு போடாதீர்கள்.

கொஞ்சம் ஆர்வம் இருந்தால் யு.எஸ்.பி. அளவு மைக் ஒன்றும் இலவசமாகக் கிடைக்கும் ஆர்.இ.டபிள்யூ. மென்பொருளும் போதும், உங்கள் அறையின் மேடு பள்ளம் முழுக்கத் திரையில் வரைந்து காட்டிவிடும். இருக்கையை ஓரடி நகர்த்தினால் கோடு எப்படி மாறுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால், அப்புறம் ஒயர் விளம்பரங்களைப் படிக்கவே மனம் வராது.

மின்சாரம் நம் பக்கத்தில் தனிக் கதை. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது அப்போதுதான். அவற்றில் பலவும் சதுர அலை இன்வெர்ட்டர்கள். மின்விசிறிக்கும் விளக்குக்கும் சரி, ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், ஸ்பீக்கரில் ‘ஊ’ என்று இரைச்சல் கேட்கும். சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறியதும் அது போய்விட்டது. அதோடு எர்த். மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது, பல வீடுகளில் இதுதான் நிலைமை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். இது இசைக்கு மட்டுமல்ல, உயிருக்கும் வேண்டியது. எல்லாம் சரியாக இருந்தும் மெல்லிய ஹம் நின்றபாடில்லை என்றால், டிவி, செட்டாப் பாக்ஸ் கேபிளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டு வழியாக எர்த் சேர்ந்து வளையம் போட்டிருக்கும்.

ஆம்ப்ளிஃபயரைப் பின்னுக்குத் தள்ளினேனே தவிர, மரியாதை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே அசெம்பிள் செட்டில்தான் பாட்டுக் கேட்டது. 4440 ஐ.சி., 6283 ஐ.சி., டி.டி.ஏ. 2030 போர்டு, கொஞ்சம் வசதி வந்ததும் 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி. நான் சொன்ன அந்த மெக்கானிக் அண்ணன் கட்டிக் கொடுத்த ஆம்ப்ளிஃபயரை இன்றும் வைத்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரைத் தேவைக்கு மேல் ஒரு படி பெரிதாகப் போட்டார், ஹீட்சிங்கைப் பெட்டிக்கு வெளியே மாட்டினார். காரணம் கேட்டதற்கு, “சித்திரை வெயில்ல இது மூச்சு விடணும்ல தம்பி” என்றார். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி கூடுவதற்கு ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அவர் அதை அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார். எந்த ஆம்ப்ளிஃபயர் வாங்கினாலும் மேலே நாலு விரற்கடை இடம் விடுங்கள், மூடிய ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள்.

டாக், ஒயர் பற்றிச் சுருக்கமாக முடிக்கிறேன். 1982-இல் வந்த சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவே மனிதக் காதுக்குத் தாராளம். ஆப்பிளின் சிறிய யு.எஸ்.பி. டாங்கிள்கூட அந்த வேலையைச் சுத்தமாகச் செய்கிறது. ஸ்பீக்கருக்கு வீட்டு வயரிங்கில் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போகவர மொத்த மின்தடை 0.08 ஓமைத் தாண்டாது.

சின்னச் செலவில் பெரிய சந்தோஷம் தந்த இன்னொன்று உண்டு, மொட்டை மாடி எஃப்.எம். ஆன்டெனா. கோடைப் பண்பலை 100.5-ஐ மதுரையில் கேட்காதவர் யார்? கொடைக்கானல் நமக்கு வான்வழியில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வீட்டுக்குள் கம்பி நீட்டிப் பிடித்தால் இரைச்சலோடு வரும். பழைய எஃப்.எம். டியூனர் ஒன்று கையில் கிடைத்தபோது, அந்த அதிர்வெண்ணுக்கு ஏற்ப முனையிலிருந்து முனை வரை 1.4 மீட்டர் வருகிற டைபோல் (நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா) கட்டி, மாடியில் மலையைப் பார்த்து மாட்டினேன். அகலவாக்கில் மலையை நோக்கி நிற்க வேண்டும், முனையைக் காட்டினால் பிடிக்காது. இரவு நேரப் பழைய பாடல்கள் இரைச்சல் இல்லாமல் ஸ்டீரியோவில் வந்தபோது வீட்டில் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

உங்கள் 60,000-க்கு வருகிறேன். பாதியை, அதாவது 30,000 வரை, ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ உள்ளீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் தனி பிரீஆம்ப் செலவு மிச்சம். யமஹா ஏ-எஸ்201 போன்றவற்றில் அது இருக்கிறது. கைமாறியது நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம், ஆனால் வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா, இரண்டு பக்கமும் சமமாகச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு. மெத்தை, ஜமக்காளம், ஸ்டாண்டு, எர்த் வேலைக்கு 8,000, 10,000 தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதில் கைவைத்துப் பெரிய ஸ்பீக்கர் வாங்கும் ஆசை வரும், வேண்டாம். டர்ன்டேபிளை இந்தக் காசுக்குள் நெருக்காமல் சில மாதம் தள்ளிப் போடுங்கள். அதுவரை போன் போதும்.

கடைசியாகத் தாத்தாவின் தட்டுகள். கனமாக, கீழே போட்டால் கண்ணாடி போல உடைகிறது, பக்கத்துக்கு ஒரே பாட்டு என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவை 78 சுழற்சி அரக்குத் தட்டுகள். நம் நாட்டில் 1960-கள் வரை இவை வந்துகொண்டிருந்தன, பீட்டில்ஸ் பாடல்களே இந்தியாவில் 78-இல் வெளியாயின. மதுரை தந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் தொடக்ககாலப் பதிவுகளும் இந்த வகைதான், உங்கள் கட்டில் அப்படி ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். இவற்றின் பள்ளம் எல்.பி.யைவிட மிக அகலம். எல்.பி. ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான், 78-க்கு வேண்டியது 75 மைக்ரான் அளவு. சின்ன ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் அழுக்கில் உருண்டுகொண்டு இரைச்சலைத்தான் படிக்கும், ஊசியும் கெடும். டர்ன்டேபிள் வாங்கும்போது 78 வேகம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் சொன்ன வி.எம்.95 வரிசையில் 78-க்கென்றே எஸ்.பி. என்ற வகை இருக்கிறது, அதன் ஊசியை மட்டும் தனியாக வாங்கி அதே உடலில் மாற்றிச் செருகலாம். கழுவும்போது கவனம். எல்.பி.க்குச் சொல்லும் ஆல்கஹால் கலந்த திரவம் அரக்கைக் கரைத்துவிடும், பாட்டே அழிந்துபோகும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு துளி மென்மையான சோப்புத் திரவம், மிருதுவான பிரஷ், லேபிள் நனையாமல் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். அதுவரை அவற்றைப் பரணில் ஏற்றாதீர்கள். கோடையில் கான்கிரீட்டுக்கு அடியில் இருக்கும் சூட்டில் எல்.பி. நெளிந்துவிடும், அரக்கும் தாங்காது. தரைத்தள அலமாரியில், சாய்க்காமல் நேராக நிறுத்தி, கெட்டியான அட்டை உறையில் வையுங்கள்.